தங்கவயலின் மண்ணும் தட்டில் வளரும் மரமும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் நிலத்தின் அடியில் நிகழ்ந்த வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சுரங்கத்தின் ஆழம், எடுக்கப்பட்ட பொன்னின் அளவு, அதற்காக உழைத்து மாண்ட தொழிலாளர்களின் வாழ்வு ஆகியவற்றைப் பற்றி எழுதியோர் பலர். சுரங்கங்கள் இயங்கிய நூற்றிருபது ஆண்டுகளில் நிலத்தின் மேலே மரத்துக்கும் மண்ணுக்கும் நீருக்கும் நேர்ந்த மாற்றங்கள் அவ்வளவு கவனம் பெறவில்லை. சிறு தொட்டியில் ஒரு மரத்தைப் பல்லாண்டுகள் பேணி, முதிர்ந்த பெருமரத்தின் தோற்றத்தை அதில் உருவாக்கும் போன்சாய்க் கலையை இவ்வூரில் தொடங்க விரும்புவோருக்கு இந்த மேற்பரப்பின் வரலாறு நேரடியாகப் பயன்படக்கூடியது. எந்த மண் உயிருள்ளது, எந்த மரம் குறைந்த நீரில் தாங்கும், எந்தப் பருவத்தில் வேரைத் தொடலாம் என்னும் மூன்று வினாக்களே இக்கலையின் அரிச்சுவடி. அவற்றுக்கான விடைகள் இவ்வூர் கடந்துவந்த காலத்திலேயே கிடைக்கின்றன.

தங்கவயல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், தக்காணப் பீடபூமியின் தென்கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ளது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத கோலார் மாவட்டத்தில் ஆண்டுக்கு 700 முதல் 750 மில்லிமீட்டர் வரையே மழை பெய்கிறது. அதிலும் மிகுதியான மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விழுகிறது. அம்மழையைத் தேக்கிவைக்கும் ஏரிகளைக் கொண்டே இங்கு நெடுங்காலமாக வேளாண்மை நடந்துவந்தது. கருங்கல் பாறைகளுக்கும் ஆழமற்ற செம்மண்ணுக்கும் இடையே வளர்ந்த இயற்கைத் தாவரங்கள், வறட்சியைத் தாங்கும் முட்புதர்களும் இலையுதிர்க்கும் மரங்களுமே. பொன் தேடி வந்தவர்கள் கண்ட நிலம் இதுதான்.

1802-ஆம் ஆண்டு மைசூர் அரசின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் பிரிட்டிஷ் படை அதிகாரி, மாரிக்குப்பம், ஊரிகம் பகுதிகளில் ஊரார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு அறிக்கை எழுதினார். 1873-இல் மைக்கேல் லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கோரினார். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிருவாகத்தை ஏற்ற பின்னரே சாம்பியன் ரீஃப் முதலான சுரங்கங்கள் ஆதாயம் தரத் தொடங்கின. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருந்திரளாக வந்து குடியேறியதும், 1894-இல் பவரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை போடப்பட்டதும் அதன் பிறகே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் வேலை செய்தோர் தொகை 30,000-ஐத் தாண்டியது.

இவ்வளர்ச்சியின் முதற்பலி மரமே. நீரை இறைப்பதற்கும் கற்களை நொறுக்குவதற்கும் நீராவி எந்திரங்கள் ஓயாமல் ஓடவேண்டியிருந்தமையால், தொலைவிலிருந்து வந்த நிலக்கரியோடு சுற்றுவட்டாரக் காடுகளின் விறகும் உலைகளில் எரிந்தது. குடியிருப்புகளின் அடுப்புகளுக்கும் சுரங்கத்தின் உள்ளே பாறையைத் தாங்கும் முட்டுகளுக்கும் மரம் தேவைப்பட்டது. இந்நெருக்கடிக்கு விடையாக அமைந்தது காவிரி. மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் அமைத்த நீர்மின் நிலையம் 1902 ஜூன் 30 அன்று, ஏறத்தாழ 92 மைல் தொலைவிலிருந்த தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக அது கருதப்பட்டது. அதே காலப்பகுதியில் பாலாற்றின் நீர் தேங்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்வழிக் குடிநீரும் வந்தது. எரிபொருளும் நீரும் வெளியிலிருந்து வரத் தொடங்கியதும், மொட்டையாகிவிட்ட நிலத்தின் மீது மீண்டும் பசுமையை வளர்ப்பதற்கான வசதி, ஊரின் ஒரு பகுதிக்கேனும் வாய்த்தது.

அந்தப் பசுமை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. நிருவாக அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றி விரிந்த புல்வெளிகளும் பூப்பாத்திகளும் நிழல்மரச் சாலைகளும் தங்கவயலுக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்னும் பெயரைப் பெற்றுத் தந்தன. தொழிலாளர் குடியிருப்புகளான லைன்களிலோ, தொடக்கத்தில் மூங்கில் தட்டியாலும் பின்னர் ஓட்டாலும் தகரத்தாலும் அமைந்த சிறு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அத்தகைய வீட்டில் செடி வளர்க்க விரும்பியவருக்கு வாசற்படியோரத்துத் தொட்டியும் பழைய தகர டின்னும் மட்டுமே நிலம். பரந்த தோட்டத்தின் மரபு பங்களாவோடு முடிந்துபோனது; கையகல மண்ணில் உயிரைக் காப்பாற்றும் மரபு லைன்களில் தொடர்ந்தது. இவ்விரண்டாவது மரபே போன்சாய்க்கு நெருங்கியது என்பதை இவ்வூரின் தோட்ட வரலாற்றைச் சொல்வோர் நினைவில் கொள்ளவேண்டும்.

தாவரங்களை மறுக்கும் ஒரு புதிய மண்ணையும் சுரங்கம் உருவாக்கியது. நொறுக்கிப் பொடியாக்கிய கற்களிலிருந்து சயனைடு கரைசலைக் கொண்டு பொன்னைப் பிரித்தெடுக்கும் முறை 1887-இல் காப்புரிமை பெற்று, அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவியது. இம்முறையில் மிஞ்சிய நுண்பொடி நீரோடு கலந்து வெளியேற்றப்பட்டுக் குன்றுகளாகக் குவிந்தது. ஊரார் ‘சயனைடு மேடு’ என்று அழைக்கும் இக்குன்றுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மக்கிய இலைதழையோ நுண்ணுயிரோ அரிதாக உள்ள இப்பொடி, கந்தகமும் ஆர்செனிக்கும் கலந்தது. கோடைக் காற்றில் பறந்து வீடுகளுக்குள் புகுவது. இதனை மணல் என்றெண்ணித் தொட்டிக் கலவையில் சேர்ப்பது செடிக்கும் அதைக் கையாளுவோருக்கும் தீங்கு. ஆகவே தங்கவயலில் போன்சாய் பழகுவோர் முதலில் ஏற்கவேண்டிய விதி, மேட்டு மண்ணைத் தொடாதிருத்தலே ஆகும்.

மரமற்றுப் போன கோலார் மாவட்டத்தில் பின்னர் பெருமளவில் நடப்பட்டது யூகலிப்டஸ், அதாவது தைல மரம். திப்பு சுல்தான் காலத்தில், 1790-ஐ ஒட்டி, நந்தி மலையில் நடப்பட்ட ஆஸ்திரேலிய மரங்களிலிருந்து தோன்றிய வகையே ‘மைசூர் கம்’ என்னும் பெயரில் இந்தியா முழுவதும் பரவியது. விரைவில் விறகும் கூழ்மரமும் தந்த அம்மரம் நிலத்தடி நீரை வற்றச் செய்கிறது என்னும் எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்து, 2017-இல் கர்நாடக அரசு அதனைப் புதிதாக நடுவதற்குத் தடை விதித்தது. வேகமாக வளர்ந்து வேகமாகப் பயன்தர வேண்டும் என்னும் கணக்கோடு மரத்தை அணுகியதன் விளைவை இம்மாவட்டம் இருமுறை கண்டிருக்கிறது: முதன்முறை விறகுக்காகக் காட்டை இழந்தது, இரண்டாம் முறை காட்டுக்குப் பதிலாக நட்டதற்கு நீரை விலையாகக் கொடுத்தது.

1956-இல் மைசூர் அரசின் உடைமையாகி, பின்னர் நடுவண் அரசின் கைக்கு மாறி, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் இயங்கிய சுரங்கங்கள், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டு, ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்துவிட்டு, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அன்று முதல் பராமரிப்பற்றுப் போன கட்டடங்களில் மற்றொரு தாவரக் குடியேற்றம் தொடங்கியது. தென்னிந்தியாவில் கைவிடப்பட்ட எந்தச் சுவரிலும் முதலில் முளைப்பவை அரசு, ஆல், இச்சி ஆகிய அத்தி இன மரங்களே. பறவைகள் தின்ற பழத்தின் விதை எச்சத்தோடு சுவர் வெடிப்பில் விழுந்து, சிறிதளவு சுண்ணாம்புத் தூளிலும் ஈரத்திலும் வேர்பிடித்து, மண்ணே இல்லாமல் பல ஆண்டுகள் உயிர்வாழ்கிறது. போதிய மண்ணின்றிக் குட்டையாகவும், காற்றாலும் வெயிலாலும் முறுக்கேறியும், வேர்கள் சுவரைத் தழுவிப் படர்ந்தும் நிற்கும் அச்சிறு மரத்தில் போன்சாய்க் கலைஞர் ஓராயிரம் ஆண்டுகளாக நாடிய வடிவம் தானாகவே அமைந்திருக்கிறது.

அந்தக் கலையின் தோற்றம் சீனாவில். தட்டில் மரத்தையும் பாறையையும் வைத்து ஒரு நிலக்காட்சியை அமைக்கும் ‘பெஞ்சிங்’ என்னும் வழக்கம் தாங் அரசர் காலத்திலேயே நிலவியதற்கு, 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியம் சான்றாகிறது. அதில் பணியாளர்கள் செடியும் கல்லும் அமைந்த தட்டுகளை ஏந்திச் செல்கின்றனர். பௌத்தத் துறவிகள், தூதர்கள் வழியாக இவ்வழக்கம் ஜப்பானை அடைந்தது. 1309-ஐச் சேர்ந்த கசுகா கோங்கென் கென்கி என்னும் ஓவியச் சுருளில் தட்டு மரங்கள் காணப்படுகின்றன. வறுமையுற்ற ஒரு வீரர், பனியில் வந்த துறவியின் குளிரைப் போக்கத் தாம் பேணிய பிளம், செர்ரி, பைன் தொட்டி மரங்களை வெட்டி எரிப்பதாகச் சொல்லும் ‘ஹாச்சி நோ கி’ என்னும் ஜப்பானிய ‘நோ’ வகை நாடகம், அம்மரங்களுக்கு ஜப்பானியர் தந்த மதிப்பைக் காட்டுகிறது.

ஜப்பானில் இக்கலைக்கான மரங்கள் முதலில் மலைகளிலிருந்தே வந்தன. பாறை இடுக்கில் காற்றாலும் பனியாலும் குறுகிய மரங்களைத் தோண்டிவந்து பழக்குவதற்கு ‘யமாதோரி’ என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர் நகரவாசிகளிடையே தேவை பெருகியபோது விதை, பதியம், தண்டு நடவு வழியாக வளர்க்கும் நாற்றங்கால் தொழில் உருவானது. 1878-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சி ஐரோப்பியருக்கு இக்கலையை அறிமுகப்படுத்தியது. 1923 செப்டம்பர் முதல் நாள் நேர்ந்த கான்டோ நிலநடுக்கத்தில் டோக்கியோ அழிந்தபோது, அங்கிருந்த வளர்ப்பாளர்கள் தூய நீரும் காற்றும் நல்ல மண்ணும் தேடி ஓமியாவுக்கு இடம்பெயர்ந்து, 1925 முதல் அங்கு ஒரு போன்சாய் ஊரையே அமைத்தனர். 1934-இல் டோக்கியோவில் கோகுஃபு போன்சாய்க் கண்காட்சி தொடங்கியது. 1989-இல் ஓமியாவில் கூடிய உலகப் போன்சாய் மாநாடு, இக்கலை ஒரு நாட்டின் உடைமை என்னும் நிலையிலிருந்து பல நாட்டவரின் பயிற்சியாக மாறியதன் அடையாளமாக அமைந்தது.

இந்தியாவில் மரங்களைப் பேணும் அறிவு பழமையானது. வராகமிகிரரின் ‘பிருகத் சம்ஹிதை’யில் மரங்களின் நடவு, நோய், மருத்துவம் ஆகியவற்றைக் கூறும் விருட்சாயுர்வேத அத்தியாயம் ஒன்று உண்டு. எனினும் இன்று இந்திய நகரங்களில் பயிலப்படும் போன்சாய் முறை, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜப்பானிலிருந்து நூல்கள், பயிற்சிகள், மலர்க் கண்காட்சிகள் வழியாக வந்தது. பனி பெய்யும் நாட்டின் பைனுக்கும் மேப்பிளுக்கும் வகுத்த விதிகளை வெப்ப நாட்டு மரங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்ததே இந்திய வளர்ப்பாளர்களின் பங்களிப்பு. ஆலின் விழுதுகளையும் பரந்த குடையையும் ஒரு தனி வடிவமாகவே அவர்கள் வளர்த்தெடுத்தனர். மைசூரில் அவதூத தத்த பீடத்தின் வளாகத்திலுள்ள கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம் பல நூறு குறுமரங்களைக் கொண்டு, கர்நாடகத்தில் இக்கலையை நேரில் காண்பதற்கான முதன்மை இடமாக விளங்குகிறது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய பெங்களூர் லால்பாக்கிலும் போன்சாய்ப் பகுதி உண்டு. 1912-இல் தோன்றிய மைசூர் தோட்டக்கலைச் சங்கத்தின் துணையோடு குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி அங்கு நடைபெறும் மலர்க் கண்காட்சிகளில் குறுமரங்களும் இடம்பெறுகின்றன. சுரங்கம் மூடிய பின் வேலை தேடி நாள்தோறும் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல் மக்களுக்கு இவ்விடம் அரைநாள் பயணத்துக்கும் குறைவான தொலைவே.

இக்கலையைப் பற்றித் தமிழரிடையே நிலவும் ஓர் ஐயத்தை இங்கு நேராக எதிர்கொள்ள வேண்டும். மரத்தைப் பட்டினி போட்டு வருத்திக் குறுக்குவதே போன்சாய் என்பது அந்த ஐயம். பட்டினி கிடந்த மரம் சிறிதாவதில்லை, காய்ந்துபோகிறது. குறுமரம் சிறிதாக இருப்பதற்குக் காரணம், நுனிகளையும் வேர்களையும் உரிய காலத்தில் கத்தரிப்பதும் மண்ணின் அளவை வரையறுப்பதுமே. எருவும் வெயிலும் நீரும் தரையில் நிற்கும் மரத்தைவிடக் கவனமாக அதற்கு அளிக்கப்படுகின்றன. 1625 முதல் பழக்கப்படுத்தப்பட்டு, 1945-இல் ஹிரோஷிமாவின் அணுகுண்டுக்குத் தப்பி, 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகச் சென்ற யமாக்கி பைன் என்னும் போன்சாய் மரம் இன்றும் உயிரோடிருப்பது, தலைமுறைதோறும் அதனைப் பேணியவர்களின் பராமரிப்புக்குச் சான்று.

இவ்வரலாற்றிலிருந்து தங்கவயலில் தொடங்குவோருக்கான மரங்கள் தாமே தெளிவாகின்றன. முதலிடம் இச்சிக்கு உரியது. இலை சிறிதாகும், வேர்வெட்டைத் தாங்கும், வெட்டிய இடத்தில் விரைவாகத் துளிர்க்கும், பிழை செய்தாலும் மீளும். ஆல் பெரிய தொட்டிக்கு ஏற்றது. அரசின் இலை எளிதில் சிறுக்காது என்பதால் அது பழகிய கைகளுக்கு உரியது. புளி, சிற்றிலைகளால் ஆன கூட்டிலையும் வெடித்த பட்டையும் கொண்டிருப்பதால் இளமையிலேயே முதிர்ந்த தோற்றம் தரும். சமையலறைப் புளியங்கொட்டையிலிருந்தே முளைக்கும். காகிதப்பூ வறட்சியைத் தாங்கிப் பூக்கும். சொந்த வீட்டுச் சுவரில் முளைத்த இச்சிக் கன்றை மழைக்காலத் தொடக்கத்தில் வேரோடு பெயர்த்தெடுக்கலாம். விரல் பருமனுள்ள தண்டை வெட்டி நட்டாலும் வேர்விடும். மூடிய சுரங்க வளாகங்களுக்குள் கன்று தேடிச் செல்வது கூடாது. அங்குள்ள பழைய குழிகளும் தளர்ந்த சுவர்களும் உயிருக்கு ஆபத்தானவை.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் செய்யும் பிழை, மெல்லிய நாற்றை வாங்கியவுடன் ஆழமற்ற தட்டில் நட்டுவிடுவது. தட்டு என்பது பயிற்சியின் இறுதிக் கட்டம். முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் பெரிய தொட்டியிலோ தரையிலோ கன்றைத் தாராளமாக வளரவிட்டு, அடித்தண்டு பருத்த பின்னரே அதனை வெட்டிக் குறுக்கவேண்டும். தண்டு பருக்க உதவுவதற்காகவே சில கிளைகளை நீளவிட்டு, வேலை முடிந்ததும் அவற்றை நீக்குவதும் வழக்கம். வடிவமைப்புக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, அலுமினியக் கம்பியைக் கிளையில் சாய்வாகச் சுற்றி வேண்டிய திசைக்கு வளைப்பது. அத்தி இனங்கள் விரைவில் பருப்பதால், கம்பி பட்டையில் பதியும் முன் சில வாரங்களிலேயே அதனைக் கழற்றவேண்டும். மற்றொன்று, தென்சீனத்தின் லிங்னான் மரபில் வளர்ந்த முறை: கிளையை வளரவிட்டு, வேண்டிய திசை நோக்கிய மொட்டுக்கு மேலே வெட்டி, மீண்டும் வளரவிட்டு வெட்டுவது. வெப்ப நாட்டு மரங்களின் வேகத்துக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. இதற்கு வேண்டிய கருவி கூரான கத்தரி ஒன்றே.

மண்கலவையில் நீர் தேங்கக்கூடாது. சலித்துத் தூசி நீக்கிய செங்கல் துண்டுகள், பருமணல், நன்கு மக்கிய தொழு உரம், சிறிதளவு செம்மண் ஆகியவற்றைக் கலந்து, அடித்துளைக்கு வலை வைத்து நிரப்பினால் வேருக்குக் காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும். வேர்வெட்டுக்கும் தொட்டி மாற்றத்துக்கும் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை உகந்தது; கோடை மழையும் பின்வரும் பருவமழையும் புதிய வேர்களைத் தூண்டும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு வேரைக் கத்தரிப்பது போதும். மேல்மண் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலையும் மாலையும் தேவைப்படலாம். அரைநாளேனும் நேரடி வெயில் படும் மாடியோ வாசலோ மரத்தின் இடம். வரவேற்பறையின் அலமாரியில் அது நெடுநாள் தாங்காது.

போன்சாய் அதிகச் செலவு பிடிக்கும் மேல்தட்டுக் கலை என்னும் எண்ணத்தைத் தங்கவயலின் வரலாறு திருத்துகிறது. இதற்கு வேண்டிய இடத்தின் அளவு லைன் வீட்டின் வாசற்படி. வேண்டிய மரம் சுவரில் முளைக்கும் கன்று. வேண்டிய நீர் ஒரு குவளை. மிகுதியாக வேண்டுவது ஆண்டுகள் மட்டுமே. சுரங்கத்தின் பொருளாதாரம் மரத்தை விறகாகவும் முட்டாகவும் கூழாகவும் கணக்கிட்டது; அக்கணக்கு முடிந்துபோன ஊரில், ஒரு மரத்தை அதன் முதுமைக்காகவே வளர்க்கும் பழக்கம் அடுத்த தலைமுறைக்குத் தேவையான கல்வியாகும். இவ்வூர்ப் பள்ளிகள் தம் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இச்சிக் கன்றையோ புளியங்கன்றையோ தொட்டியில் தந்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை அதைப் பேணச் செய்தால், பத்தாண்டுகளில் அம்மரங்கள் லால்பாக் கண்காட்சியில் வைக்கத் தகுதி பெறும். மண்ணையும் நீரையும் மரத்தையும் அளந்து பயன்படுத்தத் தெரிந்த ஒரு தலைமுறையும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்திருக்கும்.